நாலே முக்கால் வினாடி

ஒச்சம்மாளின் ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால்
இடுப்பளவு குழி வெட்டி
ஒரு காதைப் புதைத்திருக்கிறேன்.
பார்க்க எஃகுச் செம்பு மாதிரி.
செக்கானூரணி தாண்டி நாலு கிலோமீட்டர்,
நாகமலையின் முதுகு தெரிகிற தூரம்.

மாதம் ஒருமுறை வந்து மெமரி கார்டு மாற்றுவேன்.
எல்லாம் விழுந்திருக்கும் அதில்:
கிடாய்கள் முட்டிக்கொண்டது,
தேனி பஸ் வேகத்தடையில் குதித்தது,
முளைப்பாரிக்குக் கொட்டு அதிர்ந்த இரவுகள்.
எனக்கு இவை இரைச்சல்.

நான் காத்திருப்பது
ஜப்பானுக்குக் கிழக்கே கடலடி நெளிந்தால்
கிளம்பி வருகிற அலைக்கு.
பூமியின் வயிற்றுக்குள் குனிந்து நடந்து,
மதுரைக்கு அடியில்
ஒரு பாறை முடிந்து வேறொரு பாறை தொடங்கும் இடத்தில்
தடுக்கி இரண்டாகும்.
ஒன்று முந்தி ஏறும், ஒன்று பிந்தி.
நடுவே நாலே முக்கால் வினாடி என்றால்
மேலோடு நாற்பது கிலோமீட்டர் கனம்.

"தண்ணி தெரியுதா சார்?"
"அது ரொம்ப மேலக்கா. இதுல தெரியாது."
"மேலயா!" என்று
வெகுநேரம் சிரித்தாள்.

ஆவணிக் கார்டில் இரண்டு இரவு
மை கொட்டியதுபோல் கிடந்தது.
திருச்செங்கோட்டுப் போர் வண்டி.
இருபது அடிக்கு ஒருமுறை
குழாய் மாட்ட நின்ற இடைவெளிகளை எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு.
எண்ணும்போதே
நடுவில் எங்காவது ஈரம் பட்டிருக்குமா என்று
தேடிக்கொண்டுதான் இருந்தேன்.
என் காது அதற்கானது இல்லை என்று தெரிந்தும்.

ஐம்பத்தொன்பதாவது குழாயோடு
அதிகாலை இரண்டு நாற்பதுக்கு ஓய்ந்தது.
இரண்டு ஐம்பத்திரண்டுக்கு
ஜப்பான் வந்தது.

நாலு வருடத்தில் இப்படி ஒரு கோடு பார்த்ததில்லை.
பிந்திய அலை
நெல்முனை போல் நிமிர்ந்து நின்றது.
இன்னும் ஒரு குழாய் இறக்கியிருந்தால்
அத்தனையும் மூழ்கியிருக்கும்.
கட்டுரையில் அதுதான் முதல் படம்.
கீழே நாள், நேரம், நிலையத்தின் எண்.

இன்று போனேன்.
பதினோரு ஆட்டில் நாலுதான் நின்றது.
கொட்டகைக் கூரை, முள்வேலி, பப்பாளி இலை
எங்கும் வெள்ளைப் பாறைமாவு.
என் சோலார் தகடு மட்டும் பளிச்சென்று.

"தெனமும் தொடச்சு விட்டேன், சார்.
மிஷினு நின்னுரக் கூடாதுல்ல?"
கையில் இன்னும் அந்த ஈரத்துணி.
குடத்தில் அரைவாசி, லாரித் தண்ணீர்.

"ஒங்களுக்காச்சும் எதும் தெரிஞ்சுச்சா?"

தெரிஞ்சுச்சுக்கா, என்றேன்.
கார்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.