விரல் எடுத்த பிறகு

ரோட்டர்டாமில் மூன்று நாளாக மழை.
ஐந்தாம் மாடியில் வீட்ஸ்கே ஹூக்ஸ்ட்ரா
நாற்பத்தேழாவது கட்டுரையைத் திறக்கிறாள்.
யாருக்குப் படுக்கைப்புண் வரும், யாருக்கு வராது
என்று முன்கூட்டிச் சொல்லும் ஓர் அளவுகோல்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள்,
நான்கு மருத்துவமனைகள், இரண்டு குளிர்காலம்.

அவள் வேலை புண்ணைப் பார்ப்பதல்ல.
புண்ணைப் பார்த்தவர்கள்
ஒழுங்காகப் பார்த்தார்களா என்று பார்ப்பது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால்
ஒப்புக்கொள்ளாதவர்களின் தொழில்.
எத்தனை சோறு, பானையின் எந்தப் பக்கம்,
எடுத்தவருக்கு அப்போது பசியா
என்றெல்லாம் கேட்பார்கள்.
ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம்,
கட்டத்துக்குள் பச்சை, மஞ்சள், அல்லது சிவப்பு.

பாதியில் விட்டுப்போனவர்கள் எண்பத்தாறு.
காரணம் ஒரே வரி: வீடு திரும்பினர் அல்லது இறந்தனர்.
அந்த 'அல்லது'வின் மேல்
கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்தாள்.
மஞ்சள்.
மற்றதெல்லாம் பச்சை.

சுவருக்கு அப்பால் எட்சன் தவாரெஸ்
அதே கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தான்.
முடியும்வரை பேசிக்கொள்ளக் கூடாது, விதி.
வியாழன் மதியம் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில்
தாள்களைத் திருப்பி வைத்தார்கள்.
ஆறாம் கேள்வியில் அவள் பச்சை, அவன் சிவப்பு.

"முதல் நிலைக்கு என்ன அடையாளம் எழுதியிருக்கிறார்கள், படி."
"விரலால் அழுத்தி எடுத்த பிறகும் மாறாத சிவப்பு."
அவன் முன்கையை மேசைமேல் நீட்டினான்.
"அழுத்து."
அழுத்தினாள். மூன்றுவரை எண்ணினாள். எடுத்தாள்.
"வெளுத்ததா?"
மழை வெளிச்சம் போதாதென்று எழுந்துபோய்
விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள்.
"தெரியவில்லை" என்றாள்.
"என் அப்பாவோடு கேப் வெர்டேயிலிருந்து
கப்பலேறி வந்தவர்கள் இந்த ஊரில் ஒரு தெரு முழுக்க.
இந்த அட்டவணையில் எங்கே இருக்கிறார்கள்?"

கட்டுரையில் எழுதியிருப்பதைத்தான் எடைபோடலாம்,
எழுதாததை அல்ல என்றாள்.
சட்டப்படி அவள் சொன்னது சரி.
மூன்றாம் நபரின் தீர்ப்புக்கு அனுப்புவதென்று பிரிந்தார்கள்.

அனுப்புமுன் பின்னிணைப்பைப் புரட்டினாள்.
மருத்துவமனைகளின் பட்டியலில் மூன்றாவது
ஆற்றின் தென்கரையில்.
இரண்டாயிரத்து ஒன்பது, பத்து.
ஏழாம் வார்டு, இரவுப்பணி.
இரண்டு மணிக்கு ஒருதரம்
உடல்களைப் புரட்டிய கைகளில் இரண்டு
இப்போது இந்த விசைப்பலகைமேல் இருக்கின்றன.

பன்னிரண்டாம் கட்டிலில் நஸிமெந்து.
முப்பது வருடம் கப்பல் எந்திர அறையில் நின்ற கால்கள்.
குதிகாலைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள்.
சிவப்பு இல்லை என்று எழுதினாள்.
மறுநாள் இரவும் இல்லை. அதற்கு மறுநாளும்.
அவர் தன் மொழியில் என்னவோ முனகினார்,
உலைப் பக்கம் கையைக் காட்டிச் சொல்வதுபோல.
தொட்டிருந்தால் அந்த இடம் மட்டும்
மற்றக் காலைவிட வெதுவெதுப்பாக
பிசைந்த மாவுபோல் உள்வாங்கியிருக்கும்.
அவளுக்கு இன்னும் பதினேழு கட்டில் பாக்கி.
நான்காம் நாள் அவரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள்.
வீடு திரும்பினார், அல்லது.

அளவுகோல் இவ்வளவு கச்சிதமாக வந்ததில்
அவளுடைய மூன்று 'இல்லை'களுக்கும் பங்குண்டு.
பிழைத்தவர் பத்தியில் ஏறி உட்கார்ந்த பிழை
தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கேயோ
சத்தம் போடாமல் இருக்கிறது.

படிவத்தின் கடைசியில் கேட்டிருந்தது:
இந்த ஆய்வோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா?
பணம், பதவி, பங்கு, உறவு.
எதிலும் சேராமல் 'உண்டு' என்றாள்.
ஆறாம் கேள்வியின் பச்சையை எடுத்தாள்.
சிவப்பு போடவும் தனக்கு உரிமையில்லை என்று
கட்டத்தைக் காலியாக விட்டாள்.
விளக்கம் இருநூறு எழுத்துக்குள் இருக்க வேண்டும்.

பார்த்தேன். தொடவில்லை.

இன்னும் நூற்று எண்பதுக்கு மேல் எழுதலாம்
என்று காட்டிக்கொண்டிருந்தது திரை.