இருநூற்றுப் பதின்மூன்று

டிசம்பர் முப்பத்தொன்று.
சிலேசியாவில், நிலக்கரி தீர்ந்துபோன எங்கள் ஊரின்
சின்ன விலங்குக்காட்சிச் சாலையில்
ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள்.

இலைவெட்டி எறும்பை எப்படி எண்ணுவது என்று
புதிதாய் வருபவர்கள் கேட்பார்கள்.
புற்று ஒன்று; ஆகவே ஒன்று.
நியான் மீனுக்கு முன்னால் 'சுமார்' போடலாம்.
ஒட்டகத்துக்குப் போட முடியாது.

பதிவேடு என் பொறுப்பு.
இனங்கள்: இருநூற்றுப் பதினான்கு.

பன்னிரண்டு, என்கிறார் லுட்சியான்
வாசலில் நின்று
கையுறையைக்கூடக் கழற்றாமல்.

முப்பத்தோராண்டு டிராமில் டிக்கெட் பரிசோதகர்.
ஓய்வு பெற்றபின் மாதம் ஒரு சனிக்கிழமை
கட்டம் போட்ட நோட்டோடு வந்துவிடுவார்.
இன்று சனிக்கிழமை இல்லை,
வருடம் முடிகிறதே என்று வந்திருக்கிறார்.

பெயர்ப்பலகை அவருக்குச் சாட்சி அல்ல.
இருக்கிறது என்று சொல்லாதே, எடுத்துக் காட்டு.
ஒரு வால் போதும், ஒரு காது போதும்.
அசையும் வைக்கோல் போதாது.

அவர் நோட்டில் மூன்று கட்டங்கள் காலி:
மணலுக்குள்ளேயே குடியிருக்கும் மண்ணுளிப் பாம்பு.
பாசித் தொட்டியில், எங்கோ, ஒரு தவளை.
அக்டோபரில் படுத்தால் ஏப்ரலில் எழும் தூங்கெலி.

ஒன்று கூடுதல்:
இரவுயிரிக் கூடத்தில், மூன்றாம் கூண்டில்,
ஆந்தைக்குரங்கின் வாழைப்பழத்தைத் தின்னும்
சுண்டெலி.
'அது எங்களுடையது அல்ல' என்றேன்.
'அதற்கு அது தெரியாதே' என்றார்.

அவரை மருந்தறைக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.
விதிப்படி கூடாது.
யாத்விகா சாவியைத் தந்துவிட்டு
வேறு பக்கம் பார்த்தாள்.

ஐந்து பாகை குளிர்.
பீச் இலைகள் நிரப்பிய மரப்பெட்டி.
மூடியை விரல்கனம் தூக்கினேன்.
சாம்பல் நிறத்தில், வாலையே போர்வையாக்கி,
ஒரு கைப்பிடி உயிர்.
விலா ஏறியது.
நாங்கள் காத்திருந்தோம்.
காத்திருந்தோம்.
இறங்கியது.

பென்சிலை எடுத்தவர் எழுதவில்லை.
நான் பார்த்தேன், அது என்னைப் பார்க்கவில்லையே,
இது கணக்கில் வருமா என்று
என்னிடம் கேட்கவில்லை, பெட்டியிடம் கேட்டார்.

பிறகு, தனக்குத் தானே சொல்வதுபோல்:
இரவு வண்டியில், சுரங்கத்து வேலை முடிந்து,
ஜன்னலில் தலை சாய்த்து வருவார்கள்.
கண்ணிமையில்கூடக் கரி.
அவர்களை எழுப்பி ஒருநாளும் டிக்கெட் கேட்டதில்லை.
இருக்கிறது என்றே குறித்துக்கொள்வேன்.

கட்டத்தில் சின்னதாய் ஒரு புள்ளி வைத்தார்.

தவளையைப் பற்றி அவர் கேட்டிருக்கலாம்.
கேட்டிருந்தால்
என்னால் சுலபமாகப் பொய் சொல்லியிருக்க முடியும்.
ஆகஸ்டுக்குப் பிறகு அதன் குரல் யாருக்கும் கேட்கவில்லை.
தொட்டிக்குத் தண்ணீர் தெளித்தோம்,
விளக்கு போட்டோம், ஈக்களை விட்டோம்,
ஈக்கள் பெருகின.
பதிவேட்டில் மட்டும் அது நலமாக இருந்தது.
நீக்குவதற்குப் படிவம் உண்டு;
'காரணம்' என்ற இடத்தில்
எழுத எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அவர் கேட்காததால்
மாலையில் படிவத்தை நிரப்பினேன்.
காரணம்: காணவில்லை.

வெளியே யாரோ பொறுமையிழந்து
ஆறு மணிக்கே வாணம் விட்டார்கள்.
மயில் கத்தியது. ஓநாய்கள் அடங்கிக் கிடந்தன.

நிறுத்தத்தில் லுட்சியான் இன்னும் நின்றிருந்தார்,
டிராம் பதினொரு நிமிடம் தாமதம் என்ற புகாரோடு.
'எத்தனை?' என்றார்.
இருநூற்றுப் பதின்மூன்று.
நோட்டைத் திறந்து
தெருவிளக்கில் பிடித்துக் கூட்டினார்,
விரலால் ஒவ்வொரு பக்கமாக.
அவருக்கும் பதின்மூன்று.

திருப்தியாய்த் தலையாட்டினார்.
அவருடையதில் சுண்டெலி இருக்கிறது,
மண்ணுளிப் பாம்பு இல்லை.
என்னுடையதில் பாம்பு இருக்கிறது,
நானும் அதைப் பார்த்ததில்லை.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
வண்டி வந்தது. ஏறினோம்.
என் டிக்கெட் எங்கே என்று
பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.