எட்டு விரல் கணக்கு

உருளைக்கிழங்கு வேகும் ஆவியில்
படகின் சமையலறை ஜன்னல் வெளுத்திருந்தது.
வெளியே ஜனவரி. காலை பத்து மணி,
இன்னும் விடியவில்லை.
லோஃபோட்டன் தீவுகளுக்கு இரண்டு மணி நேரக் கடல்.
ராக்ன்ஃப்ரிட் ஈரக் கண்ணாடியில்
சுட்டுவிரலால் எழுதினாள்:

73939133

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து
முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.
"யாருக்கும் பங்கு பிரியாது" என்றாள்,
"ஒன்றுக்கும் தனக்கும் தவிர."

பிறகு வலது ஓரத்திலிருந்து
ஓர் இலக்கத்தை உள்ளங்கையால் துடைத்தாள்.
7393913
இதுவும் பகா எண்.
இன்னொரு துடைப்பு.
739391
இதுவும்தான்.
73939. 7393.
பல் ஒவ்வொன்றாய் விழுந்தும்
உண்மையைக் கக்காத வாய்.
739. 73.
கடைசியில் ஏழு மட்டும்,
பாத்திரத் தொட்டிக்கு மேலே
ஜலதோஷம் பிடித்ததுபோல் ஒழுகிக்கொண்டு.

"சுருங்குவது சரி. வளருமா?"
என்ஜின் அறையிலிருந்து காபிக்கு வந்த டோர்கில்ஸ் கேட்டான்.

வளராது.
பின்னால் இரட்டை இலக்கம் ஒட்டினால் இரண்டு பிளக்கும்.
ஐந்தை ஒட்டினால் ஐந்தே காட்டிக்கொடுக்கும்.
ஒன்றோ ஏழோ வந்தால்
மூன்று வாசலில் நின்று பங்கு கேட்கும்.
மூன்றோ ஒன்பதோ என்றால்
எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு வகுத்தி
தாமதமாகத்தான் வரும், ஆனால் வரும்.
"இதுதான் கடைசி வாரிசு.
இந்த வம்சத்தில் மொத்தமே எண்பத்து மூன்று பேர்.
எண்பத்து மூன்றும் பகாதது, பார்."
தாய்வழிச் சொந்தத்தைப் பற்றிப் பேசுகிறவளின்
பெருமை அவள் குரலில்.

டோர்கில்ஸ் கோப்பையை வைத்தான்.
வெரோய் துறையில் ஒரு வின்ச்
அவன் இடக்கையில் இரண்டு விரல்களைக்
கணக்கில் கழித்துக்கொண்டது.
மிச்சத்தை விரித்துக் காட்டினான்.
"நீ பத்துப் பத்தாய் எண்ணுகிறாய்.
எட்டு எட்டாய் எண்ணினால்?"

அவள் அதை யோசித்ததே இல்லை.
முட்டை அட்டையின் பின்புறம்
பென்சிலால் வகுத்தாள். மீதி ஐந்து.
அவன் கணக்கில் அதுதான் கடைசி இலக்கம்.
அதைத் துடைத்தால் நிற்பது
9242391.
இலக்கங்களைக் கூட்டினாள்: முப்பது.
மூன்று உள்ளே வந்து நாற்காலி போட்டு அமர்ந்தது.
முதல் துடைப்பிலேயே.

பாத்திரம் பொங்கி அடுப்பில் சீறியது.
யாரும் எழவில்லை.

"அப்போ உன் வம்சம்
உன் பத்து விரலோட சமாச்சாரம்" என்றான்.
"வம்சம் அப்படித்தான்" என்றாள். "அந்த எண் அப்படியில்லை.
துடைக்காமல் விட்டால்
எத்தனை விரலால் எண்ணினாலும் பகாது.
கையே இல்லாதவன் எண்ணினாலும்."

அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
யாரோ திருப்பிக் கொடுத்த பொருளைப்போல.

படகு ஒரு பெரிய அலையில் சாய்ந்தது.
கண்ணாடியிலிருந்த ஏழு வழிந்து
வெறும் கோடாகி
ரப்பர் விளிம்பில் தேங்கியது.

பதினான்கு பயணிகள்.
சல்லடையில் நாற்பத்து மூன்று கிழங்குகள்.
இரண்டு முறை எண்ணிவிட்டு
"இது வேற" என்று சலித்துக்கொண்டாள்.

டோர்கில்ஸ் ஒன்றை எடுத்து
உப்புகூடத் தொடாமல் வாயில் போட்டான்.
நாக்கு வெந்தது.
வாயைத் திறந்து ஊதியபடியே
மூன்று விரல்களை உயர்த்தினான்:
ஆளுக்கு.