ஏழாம் அறையின் காற்று

சனிக்கிழமை எட்டரைக்குப் பேய் உலா.
தலைக்கு அறுபது வெள்ளி, எலுமிச்சைத் தண்ணீர் உட்பட.
மிஸ்டர் தியோ விளக்கைத் தணித்து
அதே இடத்தில் குரலையும் தணிப்பார்:
"இந்தப் படியில்தான் மேம் விழுந்தாள்.
வெள்ளை கவுன். கையில் மெழுகுவர்த்தி."
போன வருடம் வரை அது அரிக்கேன் விளக்கு.

வின்டர்கோட் ஹவுஸ். ஆயர் ஈத்தாம் மேட்டில்
சாதிக்காய் விற்ற காசில் எழுந்த துரை வீடு.
இப்போது பதினொரு அறை, ஒரு நீச்சல் குளம்,
மாடியில் நின்றால் கொம்தார் வெளிச்சம்.
என் சட்டையில் லூசி என்று இருக்கும்.
லெட்சுமிகாந்தம் பட்டையில் அடங்கவில்லையாம்.

ஆறு வருட இரவு வேலையில்
மேமை ஒருமுறையும் நான் கண்டதில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏழாம் அறையின் குளிர்.
அங்கே ஏர்கான் செத்து நாலு மாதம்.
ஆனாலும் திரைச்சீலை போகும், வரும்,
ஒரு மூச்சு நீளம், நிற்கும், மறுபடி.
ஆ கியோங் பெட்டியைத் திறந்து கருகிய கம்பியைப் பார்த்தான்,
திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
பணம் வாங்காமல் கீழே இறங்கிப் போய்விட்டான்.

உத்தரத்துக்கு ஒரு சாண் கீழே சுவரில் ஓர் ஓட்டை.
விரல் நுழையும். விளிம்பு வழவழப்பு,
கயிறு தேய்த்த கிணற்றுக் கல் போல.
வருடத்துக்கொரு தரம் சிமெண்டு வைத்து அடைக்கிறோம்.
வருடத்துக்கொரு தரம் அது தலையணையில் உதிர்ந்து கிடக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் பின் வராந்தா,
அழுக்குத் துணிக் கூடைகள்.
ஒரு காலத்தில் அங்கே ஒருவன்
கால் பெருவிரலில் பங்காக் கயிற்றைக் கட்டி
மல்லாந்து கிடந்திருப்பான்,
தான் இழுத்த காற்று தன்மேல் படாத பக்கத்தில்.
உலா அங்கே போகாது.
சவுக்கார வாடை கதைக்கு ஆகாது.

நேற்று மூன்று மணிக்குக் கூடைகளை நகர்த்தினேன்.
ஒரு கோப்பை கோப்பி ஓ, இரண்டு பிஸ்கட்,
தரையில் வைத்துவிட்டு
வேலை முடிந்த ஆளிடம் சொல்வது போலச் சொன்னேன்:
"ஷிப்ட் மாறியாச்சு அண்ணே.
நான் வந்துட்டேன். எழுந்து போங்க."
பதில் இல்லை.
கோப்பியின் ஆவி மட்டும் கொஞ்சம் ஆடி
பிறகு நேராக நின்றது.

மூன்றே காலுக்கு மேசையில் தொலைபேசி.
ஏழாம் அறை, பெர்த்திலிருந்து வந்த தம்பதி.
புழுங்குகிறதாம். மூச்சு முட்டுகிறதாம்.
"திடீரென்று" என்றாள் அந்தப் பெண்,
"யாரோ விட்டுவிட்ட மாதிரி."

பதிவேட்டில் எழுதினேன்: அறை 7, ஏர்கான் பழுது.
எப்போதிலிருந்து என்ற கட்டத்தில்
நாலு மாதம் என்று எழுதி, அடித்துவிட்டு,
மூன்றே கால் என்றேன்.

பிறகு ஸ்டோரிலிருந்து நிற்கும் விசிறியைத் தூக்கிக்கொண்டு
முப்பத்திரண்டு படி.
மேம் விழுந்த படியில்
கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினேன்.