ஒன்றிலிருந்து ஐந்து வரை

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு
துணி துவைக்கும் மெஷின்
என் நீலச் சட்டையை விழுங்கிவிட்டுக்
கதவைச் சாத்திக்கொண்டது.
ஆறரைக்கு ஃபேக்டரி பஸ்.

வட்டக் கண்ணாடிக்குள் தெரிகிறது,
கை மடங்கி, காலர் சுருண்டு,
நெஞ்சில் என் பெயர் தைத்த சட்டை.
அரைவாசித் தண்ணீரில்
மிதக்கவும் இல்லை, மூழ்கவும் இல்லை.
முகப்பில் சிவப்பாய் ஓர் எழுத்து, இரண்டு எண்.

கையேட்டைப் புரட்டினேன்.
அரபியில் இருந்தது, கொரியனில் இருந்தது,
போர்த்துகீசியத்தில்கூட ஒன்பது பக்கம்.
மலாயில் ஒரே வரி:
விற்பனையாளரை அணுகவும்.

ஜெலுத்தோங் கடைக்காரர்
தவணைக்கு எழுதிக்கொண்ட நாளில்
நாற்காலி இழுத்துப் போட்டார்,
குளிரக் குளிர சோயா பால் கொடுத்தார்,
பத்து வருஷம் கேரண்டி என்று
பத்து விரலையும் விரித்தார்.
இன்றைக்கு ஒற்றை விரலால்
சுவரில் ஒட்டிய நம்பரைக் காட்டுகிறார்.
"கேரண்டி மோட்டாருக்கு.
கதவு மோட்டார் இல்லையே."

மலாய்க்கு ஒன்று.
ஆங்கிலத்துக்கு இரண்டு.
சீனத்துக்கு மூன்று.
ஒரு நப்பாசையில் நாலை அழுத்தினேன்.
தவறான தேர்வு என்றது.
தவறுதான். ஒன்றுக்குத் திரும்பினேன்.

அப்புறம் பியானோ.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று
இடையிடையே ஒருத்தி,
மூச்சு வாங்காமல், சலிக்காமல்.
சோறு வடித்தேன், கருவாடு பொரித்தேன்,
மகனுக்கு நகம் வெட்டி முடித்தேன்.
பியானோ முடியவில்லை.

"பெயர்?"
"புவனலோசினி."
"சரி, புவான் லோசினி."
பாதிப் பெயரை மரியாதையாக்கி
மீதிப் பெயரால் என்னை எழுதிக்கொண்டான்.
"வெள்ளிக்கிழமை ஆள் வரும்."
"எத்தனை மணிக்கு?"
"ஒன்பதிலிருந்து ஆறுக்குள்."
பிரசவத்துக்கு நாள் குறித்த டாக்டர்கூட
இதைவிடக் கிட்டத்தில் சொன்னார்.

மூன்று ராத்திரி
சியூ லிங்கின் பழைய சட்டையில் வேலைக்குப் போனேன்.
தோளில் இறுக்கம், நெஞ்சில் அவள் பெயர்.
பாயான் லெப்பாஸுக்குப் புதிதாய் வந்த சூப்பர்வைசர்
"சியூ லிங்!" என்று கூப்பிட்டபோது
முதல் ராத்திரி நான் திரும்பவில்லை.
மூன்றாம் ராத்திரி
அவள் திரும்புவதற்குள் திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை.
விடிய விடிய நின்ற கால்
படுக்கப் பார்க்கிறது. படுக்கவில்லை.
குளிக்கப் போகவில்லை,
மணி அடித்துக் கேட்காமல் போனால்?
பன்னிரண்டு ஆனது, மூன்று ஆனது,
பக்கத்து வீட்டுக்கு இரண்டு பார்சல் வந்தது.

ஐந்து ஐம்பதுக்கு வந்தான் ஹைருல்.
இருபத்திரண்டு வயதிருக்கும்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை,
பதினோரு மாடியும் சட்டையில் வழிந்தது.
கீழ்க் குழாயில் தண்ணீரை வடித்தான்.
பையிலிருந்து
ஒரு முழம் தூண்டில் நரம்பை எடுத்து
கதவு இடுக்கில் விட்டு இழுத்தான்.
கிளிக்.

"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான், காக்."
"எவ்வளவு?"
"நூற்றிருபது வெள்ளி."
"திறந்ததுக்கா?"
"திறந்தது சும்மா. வந்ததுக்கு."
தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.
தண்ணீர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தான்.
இன்னும் இரண்டு வீடு இருக்கிறதாம்.

அவன் ஏழாம் மாடிகூட இறங்கியிருக்க மாட்டான்,
போன் அடித்தது.
அதே பியானோ. அதே ஒருத்தி.
இன்று வந்த பணியாளருக்கு
ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் தரவும்.

பத்து விரலுக்கு எத்தனை என்று கேட்கவில்லை.
நாற்பது நிமிஷ பியானோவுக்கு,
ஒன்பதிலிருந்து ஆறுக்கு,
மோட்டார் இல்லாத கதவுக்கு
எந்தப் பொத்தானும் இல்லை.
திட்டுவதற்கு அவர்கள் அனுப்பியது
அந்தப் பையனை மட்டும்தான்.

கட்டைவிரல் ஒன்றின் மேல்
கொஞ்ச நேரம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஐந்தை அழுத்தினேன்.

உடனே குறுஞ்செய்தி:
உங்கள் மனநிறைவே எங்கள் மகிழ்ச்சி.

சட்டை குட்டைத் தண்ணீர் நாற்றம்.
வாளியில் போட்டு மிதித்தேன்,
பிழிந்தேன், மறுபடி மிதித்தேன்.
மணி ஆறு இருபது.

சொட்டச் சொட்ட அதைக் கொடியில் போட்டுவிட்டு
சியூ லிங்கை மாட்டிக்கொண்டு
படியில் ஓடினேன்.