மஞ்சள் பட்டை

பச்சை என்றால் காத்திருக்கலாம்.
மஞ்சள் ஒரு மணி நேரம்.
ஆரஞ்சு பத்து நிமிடம்.
சிவப்பு வந்தால் ஓடுவோம்.
போர்த்தோ நகரத்து அவசரப் பிரிவின் வாசலில்
பதினோரு வருடமாக
மணிக்கட்டுகளுக்கு நிறம் கட்டுகிறவள் நான்.

அன்று பிப்ரவரி, மழை.
அடெரிட்டு வந்தார், லாரி ஓட்டுகிறவர்.
முஷ்டியை மார்நடுவில் அழுத்தி
முகமெல்லாம் வேர்த்து
பாடப்புத்தகத்துப் படம் எழுந்து நடந்து வருவதுபோல.
அவர் வாய் திறக்குமுன்பே
என் கை ஆரஞ்சை எடுத்துவிட்டது.

அவருக்குப் பின்னால் கிராசியெட்.
ஐம்பத்தெட்டு வயது,
மீன் ஏலக்கூடத்தில் பெட்டி தூக்குகிறவள்.
ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தாள்.
தாடை கடுக்கிறது என்றாள்.
முதுகுக்குள் யாரோ ஈரத்துணி பிழிகிறார்கள் என்றாள்.
இரண்டு நாளாகக் குமட்டல்,
நாலு படி ஏறினால் மூச்சு.
வரிசையை நிறுத்திவைப்பதற்கு
மன்னிப்பும் கேட்டாள்.

வீட்டில் ஏதாவது கவலையா?
(அடெரிட்டுவிடம் இதை நான் கேட்கவில்லை.)
மகனுக்கு லக்ஸம்பர்க்கில் வேலை போய்விட்டது என்றாள்.
ஆக, கவலை இருந்தது.
எனக்கு அது போதும்.
"பதற்றம்" என்று தட்டினேன்,
மஞ்சளைக் கட்டினேன்.

நாற்பது நிமிடம் கழித்து ஒரு டாக்டர்
நாக்கடியில் வைக்கச் சின்ன வெள்ளை மாத்திரை தந்தார்.
தேவலை என்றாள்,
அவர் மனம் நோகாதிருக்க.
அதற்குள் அடெரிட்டுவின் அடைப்பில்
ஸ்டென்ட் விரிந்துவிட்டிருந்தது.
அவர் மனைவி நிம்மதியில் மெஷின் காப்பி இரண்டு வாங்கி
ஒன்றைக் கிராசியெட்டிடம் நீட்டினாள்.
பாதி குடித்த அந்தக் கோப்பை
நாற்காலிக்கடியில் நின்றது
நாங்கள் ஓடியபோது.

பட்டையின் கொக்கி ஒருமுறைதான் பூட்டும்,
கழற்றக் கத்தரிக்கத்தான் வேண்டும்.
நான்தான் கத்தரித்தேன்.
மஞ்சளின் உள்பக்கம்
ஒரு மீன்செதில் ஒட்டியிருந்தது.

நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன்:
அவள் நெஞ்சைத் தொட்டிருந்தால்
நம்பியிருப்பேன்.

பிழைத்துக்கொண்டாள்.
இதயத்தில் கால்வாசி மரத்துப்போயிற்று.
இப்போது ஏலக்கூடத்தில் சீட்டு எழுதுகிறாள்,
பெட்டி தொடுவதில்லை,
நாலு படிக்கு இரண்டு முறை நிற்கிறாள்.

நான் இப்போதெல்லாம் தாடையைக் கேட்கிறேன்,
முதுகைக் கேட்கிறேன்.
கவலையைக் கடைசியில்,
ஆண்களிடமும்.
சிலர் முறைக்கிறார்கள்.

ஜூன் மாதத் திருவிழாவுக்கு
தாளில் சுற்றி ஒரு கிலோ மத்தி கொண்டுவந்தாள்.
"அன்றைக்கு முதலில் ஓடி வந்தது நீதானே" என்றாள்.

வாங்கிக்கொண்டேன்.
கை மணக்க மணக்க
அடுத்தவருக்குப் பச்சை கட்டினேன்.