நேரம் குறிக்காத சுற்று

ஸாண்ட்வோர்ட்டில் மார்ச் மாதக் காலை.
வட கடல் இரவெல்லாம் மணலை
வேலி தாண்டி எறிந்திருந்தது.
துடைக்கும் வண்டி ஒருமுறை போய்வந்தது.
அதன் பின்னாலேயே காற்றும் போய்வந்தது.

நான்கு கார். ஒன்றை விற்றாக வேண்டும்.
சியாலிங்கின் வீட்டுக் கூரை ஒழுகுகிறது.
எதை விற்பதென்று அவருக்குப் புரியவில்லை.
ஹார்லெமில் கியர்பாக்ஸ் பிரித்துக் கோக்கும் என்னை
ஓட்டிப் பார்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்.
மனைவி ஆல்ட்யே மடக்கு நாற்காலியில்,
கையில் ஸ்டாப்வாட்ச்,
மடியில் பாதி கடித்த ரொட்டி.

மஸராட்டி கிளம்பவே இல்லை.
அதைப் பற்றி இவ்வளவுதான்.

ஜாகுவாரின் மூக்கு
முன்பே போய்ச் சேர்ந்து
வளைவில் எனக்காகக் காத்திருக்கிறது.
ஸ்டியரிங் மரம், விரல் தடிமன்.
திருப்பினேன். யோசித்தது. சம்மதித்தது.
இரண்டாம் கியர் விழும் இடம் எனக்குத் தெரியும்,
அதன் பற்களை மேஜையில் பரப்பி எண்ணியவள் நான்.
நேர்ச்சாலையில் ஆறு சிலிண்டரும்
ஒரே ஆளாக அடித்தொண்டையில் பேசும்போது
எதையும் மன்னித்துவிடலாம்.
டார்ஸான் வளைவு வந்தது.
பிரேக்கை மிதித்தேன்.
செய்தி சக்கரங்களுக்குத் தபாலில் போனது.

போர்ஷேயில்
எஞ்சின் என் முதுகுக்குப் பின்னால்,
கடன்காரன் வந்து உட்கார்ந்திருப்பதுபோல.
முன்சக்கரங்கள் சாலையை எழுத்துக்கூட்டிப் படித்து
உள்ளங்கையில் ஒப்பிக்கின்றன:
சிறு கல், தார் ஒட்டு, யாரோ விட்டுப்போன ரப்பர்.
வளைவின் நடுவே காலை எடுக்காதே
என்பது ஒன்றே அதன் சட்டம்.
ஸ்கெய்ஃப்லாக் இறக்கத்தில் மணல், ஒரு முழ அகலம்.
எடுத்துவிட்டேன்.
கடன்காரன் எழுந்து
என்னை முந்திப் போகப் பார்த்தான்.
எப்படிப் பிடித்தேன் என்று கேட்காதீர்கள்.
கைகள் முதலில் போய்ச் சேர்ந்தன,
நான் பிறகு வந்தேன்.
அந்த நாளின் வேகமான சுற்று அதுதான்.
இரண்டு நிமிடம் ஒன்பது, பென்சிலில்.

மத்தியானம் லோட்டஸ்.
கதவைச் சாத்தினால் பிஸ்கட் டப்பா மூடும் சத்தம்.
நாலு பேர் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம் போலிருந்தது.
நேர்ச்சாலையில் ஒரு கடற்காகம்
பக்கத்தில் வந்தது, பார்த்தது, முன்னே போனது.
வளைவுக்குள்ளோ
திருப்பினேனா, நினைத்தேனா, தெரியவில்லை.
உடம்பு சாய்கிறது,
இன்னும் எவ்வளவு மிச்சம் என்று காட்டுவதற்காக.
அதே இறக்கம். மணல் இப்போது இரண்டு முழம்.
இடுப்புக்கு முதலில் தெரிந்தது,
அப்புறம் விரலுக்கு,
கண்ணுக்குக் கடைசியில்.
பிடிப்புக்கும் வழுக்கலுக்கும் நடுவே
ஒரு சின்ன இடம் இருக்கிறதே,
ஜாகுவார் அதைக் கவனிக்கவில்லை,
போர்ஷே தாண்டிக் குதித்தது.
இது என்னை அங்கே உட்காரவைத்து
ஒன்றும் அவசரமில்லை என்றது.

உள்ளே வந்தேன். எஞ்சினை நிறுத்தினேன்.
பெல்ட்டைக் கழற்றத் தோன்றவில்லை.
“எவ்வளவு?” என்றார் சியாலிங்.
ஆல்ட்யே கையைப் பார்த்தார்.
முள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
“அமுக்க மறந்துபோச்சு.”
“ஏன்?”
“பார்த்துக்கொண்டிருந்தேன்.”

தாளில் மூன்று பெயர், இரண்டு எண்.
அதை நாலாக மடித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
என்னிடம் எதுவும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

ஏப்ரலில் கூரை மாற்றினார்கள்.
விற்றது மஸராட்டியை.
வாங்கியவர்
ஓட்டிப் பார்க்கலாமா என்றே கேட்கவில்லையாம்.